அம்மா சொன்ன 'கொஞ்சம்'

2012 பங்குனி மாதம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன் அறையில் ஒரு டீச்சர் வந்து இருக்கிறா. மடியில் சென்சஸ் படிவம், காலடியில் குடை. அம்மா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே கதிரையில் இருக்கிறா. பக்கத்து வீட்டு அன்ரியும் இருக்கிறா. அவ கறிவேப்பிலை கேட்டு வந்தவ. படிவத்தைக் கண்டதும் போக மனம் வரவில்லை.

பெயர், வயது, சமயம், படிப்பு எல்லாம் மளமளவென்று போனது. பிறகு டீச்சர் கேட்டா: "இந்த வீட்டில ஆருக்காவது காது கேக்கிறதில கஷ்டம் இருக்கா அம்மா?"

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தா. "சின்னவனுக்குக் கொஞ்சம்" என்றா.

கொஞ்சம்! நான் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தம்பிக்கு அப்போது 19 வயது. பிறந்ததிலிருந்து இரண்டு காதும் கேட்காது. குக்கர் விசில் கேட்காது, கோயில் மணி கேட்காது. தேர்த் திருவிழாவில் பறை பக்கத்தில் வந்தால் நெஞ்சில் கையை வைத்துப் பார்ப்பான், அதிர்வு பிடிக்கும் அவனுக்கு. அதற்கு அம்மா வைத்த பெயர் கொஞ்சம்.

காரணம் எனக்கு விளங்கியது என்றுதான் நினைத்தேன். அக்காவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காது கேட்காது, வாய் பேசாது என்றால் 'பரம்பரையோ' என்று ஒரு கேள்வி வரும், அதோடு பேச்சு முடியும். அன்ரி வேறு காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறா. அம்மா பொய் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் ஒரு இலக்கத்தை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனா.

உள் அறையில் தம்பி போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், அந்தக் கேள்விக்கு வந்த பதில்களைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதுதான் கடந்த சில வருடங்களாக என் சோறு. ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை. இயலாமை உள்ளவர்களின் சமூக நலன், அதாவது அவர்கள் எப்படி இருக்கிறார்கள், யாரோடு பழகுகிறார்கள், வாழ்க்கை அவர்களுக்குத் திருப்தியா என்பதைத் தேசியக் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்துச் சொல்ல முடியுமா என்று பார்ப்பது. அண்மையில் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றி இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். பேசினேன். பேசி முடித்து வீட்டுக்கு வந்த பிறகுதான், சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லவில்லை என்று பட்டது. மேடையில் அம்மாவைப் பற்றி எப்படிப் பேசுவது?

முதலில் அந்தப் பெரிய எண். இலங்கையின் 2012 தொகைமதிப்பின்படி, அதாவது டீச்சர் கொண்டுவந்த அந்தச் சென்சஸின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு ஏதோ ஒரு வகை இயலாமை. 8.7 வீதம். அவர்களில் ஏறக்குறைய 57 வீதம் பெண்கள். பார்ப்பதில் கஷ்டம் உள்ளவர்கள் பத்து இலட்சத்துக்குக் கிட்ட, நடப்பதில் ஏழு இலட்சத்துக்கு மேல், கேட்பதில் கிட்டத்தட்ட 3 இலட்சத்து 90 ஆயிரம். (கூட்டினால் 16 இலட்சத்தைத் தாண்டும், ஒருவருக்கே இரண்டு மூன்று இருக்கும், ஆச்சிமாரைக் கேட்டால் தெரியும்.)

இதற்கு முந்திய தொகைமதிப்பு 2001இல் நடந்தது. யுத்தத்தால் வடக்கு கிழக்கில் பல மாவட்டங்களில் முழுதாக எடுக்க முடியாமல் போனது. எடுத்த மாவட்டங்களில் வந்த எண் 1.6 வீதம். 1.6 எங்கே, 8.7 எங்கே? கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "யுத்தத்தின் கடைசி வருடங்கள்தானே காரணம்" என்றார். யுத்தம் எத்தனை பேருடைய கையையும் காலையும் கண்ணையும் கொண்டுபோனது என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் இந்த ஐந்து மடங்குக்குப் பெரிய காரணம் அதுவல்ல. கேள்வி மாறியது.

2001இல் குறைபாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள்: கண், காது, கை, கால், மனம் என்று. 2012இல் வாஷிங்டன் குழுவின் கேள்விகளைத் தழுவிக் கேட்டார்கள். ஐ.நா. புள்ளிவிபர ஆணைக்குழுவின் கீழ் 2001இல் அமைந்த குழு அது. முதல் கூட்டம் வாஷிங்டனில் நடந்ததால் அந்தப் பெயர். அவர்களின் சுருக்கக் கேள்விகள் ஆறு. பார்ப்பது, கேட்பது, நடப்பது அல்லது படி ஏறுவது, ஞாபகம் வைத்திருப்பது அல்லது மனதை ஒருமுகப்படுத்துவது, குளிப்பது உடுப்பது போன்ற சுய வேலைகள், மற்றவர்களோடு தொடர்பாடுவது. ஆறிலும் 'இயலாமை' என்ற சொல்லே வராது, வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். 'நீங்கள் அங்கவீனரா' என்று கேட்டால் எங்கள் ஊரில் யார் ஓம் என்பார்கள்? 'படி ஏற கஷ்டமா' என்று கேட்டால் ஆச்சி அரை மணித்தியாலம் கதைப்பா.

பதில்கள் நான்கு. கஷ்டம் இல்லை, கொஞ்சம் கஷ்டம், மிகவும் கஷ்டம், அறவே ஏலாது.

இங்கேதான் எனக்கு அடி விழுந்தது. நாடுகளை ஒப்பிடும்போது யாரை இயலாமை உள்ளவர் என்று எண்ணுவது, எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்று அந்தக் குழுவே ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது: ஆறில் ஒன்றிலாவது 'மிகவும் கஷ்டம்' அல்லது 'அறவே ஏலாது' என்றவர்களை எண்ணுங்கள், 'கொஞ்சம்' என்றவர்களை விடுங்கள். நியாயமான காரணம்தான். நாற்பது வயதில் பத்திரிகையைத் தள்ளிப் பிடித்து வாசிக்கும் நானும் 'கொஞ்சம்'தான். எல்லோரையும் அள்ளிப் போட்டால் அட்டவணைக்கு அர்த்தம் இல்லை. நம் நாட்டு 8.7 வீதம் 'கொஞ்சம்' என்றவர்களையும் சேர்த்த எண். சர்வதேசக் கோட்டைப் போட்டால் அது நன்றாகச் சுருங்கும்.

சுருங்கும்போது வெளியே விழுகிறவர்களில் என் தம்பியும் ஒருவன். அறவே காது கேளாத ஒருவன், அம்மா சொன்ன ஒரு சொல்லால் 'இயலாமை அற்றவர்' பக்கத்தில் போய் நிற்பான். பெயர் நீக்கிய கோப்பில் யாரும் அவனைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிக்கவும் கூடாது. ஆனால் கோட்டைப் போட்டு அட்டவணை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அவன் விழுவது தெரிகிறது.

சொற்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்கள் வேலையில் பாதி இதுதான். 'கஷ்டம்' என்ற சொல்லே ஒரு பொறி. "உங்களுக்கு நடக்க ஏதும் கஷ்டமா?" என்று கிராண்ட்பாஸில் ஓர் ஐயாவிடம் கேட்டோம். "கஷ்டம்தான் தங்கச்சி, பஸ் காசு கூடினபிறகு நடந்துதான் போறன்" என்றார். கால் நன்றாகவே இருந்தது. கஷ்டப்பட்ட குடும்பம் என்றால் எங்களுக்குக் காசில்லாத குடும்பம்தானே. 'சிரமம்' என்று மாற்றினோம். அது மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது என்று களத்துக்குப் போன பிள்ளைகள் முறைப்பட்டார்கள். கடைசியில், "நடக்கேக்க கால் ஒத்துழைக்குதா?" என்று ஒரு பெடியன் தன்பாட்டுக்குக் கேட்க ஆரம்பித்தான். எந்தக் கையேட்டிலும் இல்லாத கேள்வி. எல்லோருக்கும் விளங்கியது. தரப்படுத்திய கேள்வியை மாற்றக்கூடாது என்று அவனைக் கண்டித்தவளும் நான்தான்.

மனநலக் கேள்விகளில் இன்னும் மோசம். எங்களுக்கு வந்த தமிழ் மொழிபெயர்ப்பு சென்னைப் பக்கம் செய்தது போலிருந்தது. 'கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள் வருத்தமாக உணர்ந்தீர்கள்?' அங்கே வருத்தம் என்றால் கவலை. இங்கே வருத்தம் என்றால் நோய். காய்ச்சல் வருத்தம், நெஞ்சு வருத்தம், சீனி வருத்தம். முகத்துவாரத்தில் ஓர் ஆச்சி, சீனி வருத்தத்தால் காலில் மூன்று விரல் எடுத்தவ, இந்தக் கேள்விக்கு "பதினாலு நாளும்தான்" என்று சொல்லிவிட்டு, மருந்துப் பையைக் கொண்டுவந்து ஒவ்வொரு காட்டாக எடுத்துக் காட்டினா. படிவத்தில் அது 'ஒவ்வொரு நாளும் மனச்சோர்வு' என்று பதிவாகும். அவவைப் போல உடம்பு ஏலாத ஒவ்வொருவரும் அப்படித்தான் பதிவாவார்கள். பிறகு நான் கொழும்பில் ஒரு குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு, 'இயலாமை உள்ளவர்களிடையே மனச்சோர்வு அதிகம்' என்று ஒரு வரி எழுதுவேன். அந்த வரி உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் எனக்கு அதைச் சொன்னது ஒரு மொழிபெயர்ப்புப் பிழை.

அதே ஆச்சியிடம்தான் ஏணிக் கேள்வியும் கேட்டோம். உலகம் முழுக்கப் பாவிக்கும் கேள்வி அது. அடிப்படி 0, உச்சிப்படி 10. உச்சியில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடியில் மிக மோசமான வாழ்க்கை. இப்போது நீங்கள் எந்தப் படியில்? அட்டையில் ஏணியின் படமும் இருக்கும். ஆச்சி படத்தைப் பார்த்தா, தன் காலைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"நான் ஏணி ஏறுற ஆளா மகள்? என்னைக் கீழ்ப்படியிலயே இருக்க விடுங்க" என்று சொல்லிச் சிரித்தா.

என்னோடு வந்த தங்கச்சி 0 என்று குறித்துவிட்டா. வெளியே வந்து ஒழுங்கை முனையில் நின்று இருவரும் சண்டை பிடித்தோம். அவ சொன்னது பிழையில்லை, ஆச்சி வாயால் சொன்னது அதுதான். ஆனால் அந்தச் சிரிப்பை எந்தக் கட்டத்தில் போடுவது? திரும்பிப் போய் வேறு விதமாகக் கேட்டேன். "ஆச்சி, வாழ்க்கைக்கு நீங்க டீச்சரா இருந்து மார்க் போடுறதெண்டா பத்துக்கு எத்தனை போடுவீங்க?" யோசிக்கவே இல்லை. "ஏழு. மகன் கட்டாரில இருந்து ஒவ்வொரு நாளும் கோல் எடுக்கிறானே." கால் விரல் மூன்று போனதற்கு மூன்று மார்க் குறைத்தாவோ என்னவோ.

சரி, இனி என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்கிறேன்.

தேசியக் கணக்கெடுப்புகளில் வரும் இயலாமைக் கேள்விகளை எடுத்து, அவற்றோடு வாழ்க்கைத் திருப்தி, தனிமை பற்றிய கேள்விகளைச் சேர்த்து, வடகொழும்பில் ஒரு சின்னக் கணக்கெடுப்புச் செய்து பார்த்தோம். தரவு கைக்கு வந்த முதல் இரவே சராசரி எடுத்தேன். 0 முதல் 10 வரை உள்ள திருப்தி அளவில், தொடர்பாடுவதில் 'அறவே ஏலாது' என்றவர்களின் சராசரி இருபதைத் தாண்டி வந்தது. பத்துப் படி ஏணியில் இருபதாம் படி! ஒரு கணம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது, 99.

தரவு வேலை செய்கிறவர்களுக்கு இது பால்குடிப் பாடம். பதில் இல்லாத இடத்தை வெறுமையாக விடாமல் 99 என்று குறிப்போம். கணக்குப் போடுமுன் அதை 'இல்லை' என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது 99 என்றே எடுத்துக் கூட்டும். நான் சொல்ல மறந்துவிட்டேன். திருத்தினேன், சராசரி அடங்கியது. முதலாம் வருடப் பிள்ளை விடும் பிழை என்று தலையில் குட்டிக்கொண்டு படுத்துவிட்டேன்.

விடியத்தான் அந்த 99கள் ஏன் அந்த ஒரு குழுவில் மட்டும் அவ்வளவு குவிந்திருந்தன என்று பார்த்தேன். எங்கள் படிவத்தின் கடைசியில் ஒரு சின்னக் கட்டம் உண்டு: பதில் சொன்னவர் யார்? அவரே, அல்லது வீட்டில் வேறொருவர். 99 இருந்த வரிகளில் பெரும்பாலானவற்றில் வேறொருவர். தாய், அக்கா, மருமகள். அவர்கள் வயது சொன்னார்கள், படிப்புச் சொன்னார்கள், குளிக்க உடுக்க உதவி வேண்டுமா என்பதும் சொன்னார்கள். 'உங்கள் வாழ்க்கை உங்களுக்குத் திருப்தியா' என்ற இடம் வந்ததும் களப் பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தச் சொன்னது நாங்கள்தான். ஒருவரின் திருப்தியை இன்னொருவர் சொல்ல முடியாது என்பது விதி. பிரித்தானியாவில் 2011 முதல் பெரிய கணக்கெடுப்புகளில் திருப்தி, பயனுள்ள வாழ்க்கை, நேற்றைய மகிழ்ச்சி, நேற்றைய பதற்றம் என்று நான்கு கேள்விகள் 0 முதல் 10 வரை கேட்கிறார்கள். வேலைவாய்ப்புப் பற்றி வீட்டில் இன்னொருவர் பதில் சொல்ல விடும் அதே கணக்கெடுப்பில், இந்த நான்குக்கும் மட்டும் அவரவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

விதி சரி, நானும் அதையே போட்டேன். ஆனால் அந்த விதியால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். யாருடைய நலனைப் பற்றி எழுதப் போகிறோமோ, அவர்களில் மிகவும் தனித்துப்போனவர்கள் நலக் கேள்வி வரும் இடத்தில் கோப்பை விட்டுப் போய்விடுகிறார்கள். எஞ்சியிருப்பவர்கள் தங்கள் வாயால் பேசக்கூடியவர்கள், வீட்டுக்கு வந்தவரை முன் அறையில் சந்திக்க வீட்டார் விட்டவர்கள். அவர்களை வைத்துச் சராசரி எடுத்து, நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று எழுதலாம். எழுதியும் இருக்கிறார்கள், நானே எழுதியிருக்கிறேன்.

தேசியத் தரவுக்குத் திரும்புவோம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் பத்தரமுல்லையில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்குப் போய், 190இல் ஏறி, பொரளை நெரிசலில் ஒரு தூக்கம் போட்டு எழும்பினால் ராஜகிரிய வரும். முதல் தடவை போனபோது ஏதோ கோயிலுக்குப் போவது போல நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். அவர்கள் நடத்தும் குடித்தன வருமானச் செலவின அளவீடுதான் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய கிணறு. 2016இல் நாடெங்கும் 2,500 தொகைமதிப்புத் துண்டுகள் (தொகைமதிப்புக்காகப் பிரித்த சின்னப் பகுதிகள்), துண்டுக்குப் பத்து வீடு, மொத்தம் 25,000 வீட்டு அலகுகள். நாட்டில் 52 இலட்சத்துச் சொச்சம் குடித்தனங்கள் என்று 2012 சொன்னது. ஆகவே கோப்பில் உள்ள ஒரு குடித்தனம் ஏறக்குறைய இருநூறு குடித்தனங்களுக்காகப் பேசுகிறது. 'நிறை' என்று ஒரு நிரல் இருக்கும், அதுதான் இந்தக் கணக்கு. அதைப் போடாமல் எடுத்த எந்த வீதத்தையும் நம்பாதீர்கள்.

கிணறு பெரிது, ஆனால் வாளியை இறக்கினால் தெரியும். ஒரு மாவட்டத்தில் 1,000 வீடு அகப்பட்டது என்று வையுங்கள். 4,000 பேர் அளவில். நூற்றுக்கு இரண்டு பேருக்குக் கடுமையான இயலாமை என்று வைத்தால் 80 பேர். பெரும்பாலானோர் வயதானவர்கள். 20க்கும் 40க்கும் இடைப்பட்டவர்களை மட்டும் எடுத்தால் பத்துப் பேர் தேறலாம். அதில் காது கேளாதவர்கள் ஒருவரோ இருவரோ. அந்த இருவரை வைத்து 'இந்த மாவட்டத்தில் காது கேளாத இளைஞர்களின் நிலை' என்று எழுத முடியாது. அவர்கள் தமிழரா சிங்களவரா முஸ்லிமா என்று பிரிக்கவே முடியாது. விடுதிகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் இருப்பவர்கள் இந்த அளவீட்டில் வருவதே இல்லை, அது வீடுகளைத்தான் தட்டுகிறது.

வயதை மறந்து ஒப்பிடுகிறவர்களும் உண்டு. இயலாமை உள்ளவர்களின் சராசரித் திருப்தி இவ்வளவு, மற்றவர்களது இவ்வளவு, பார்த்தீர்களா வித்தியாசம் என்பார்கள். அது அம்மம்மாவையும் பேத்தியையும் ஒப்பிடுவது.

இன்னொன்று, இதை நான் கண்டுபிடித்தபோது என் மேசையை விட்டு எழும்பி ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். நம் நாட்டில் வறுமையை அளப்பது செலவை வைத்து. ஒருவர் மாதம் எவ்வளவு செலவழிக்கிறார் என்பதை வறுமைக் கோட்டோடு வைத்துப் பார்ப்பார்கள். பஸ் படி ஏற முடியாத ஒருவரைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு கொண்டுபோக எங்கள் பக்கத்தில் த்ரீவீல்தான். போக ஒரு தொகை, வர ஒரு தொகை, நிற்கவைத்தால் அதற்கும். மாதத்தில் இரண்டு கிளினிக். இந்தக் காசு எல்லாம் அந்த வீட்டின் 'செலவில்' சேரும். செலவு கூடக்கூட அட்டவணையில் அந்தக் குடும்பம் வறுமைக் கோட்டிலிருந்து மேலே போகும். அடகு வைத்துத்தான் த்ரீவீலுக்குக் கொடுத்தார்கள் என்றாலும் மேலேதான் போகும்.

இயலாமை உள்ளவர்களின் உரிமைகள் பற்றி இலங்கை 2007இல் கையெழுத்திட்டு 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 31ஆம் உறுப்புரை, இந்தத் தரவுகளை அரசு சேகரிக்க வேண்டும் என்கிறது. சேகரிக்கத்தான் செய்கிறார்கள். என் முறைப்பாடு சேகரிக்கவில்லை என்பதல்ல.

சமூக நலன் என்பதை எப்படிக் கேட்பது என்று எங்கள் குழுவில் ஒரு கிழமை வாதாடினோம். நண்பர்களை எத்தனை தடவை சந்திக்கிறீர்கள், சங்கங்களில் அங்கத்தவரா என்றெல்லாம் வெளிநாட்டுப் படிவங்களில் இருக்கும். நான் சொன்னேன், எங்கள் சனத்திடம் ஒரே ஒரு கேள்வி போதும்: நல்லது கெட்டதுக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறார்களா? சிரித்தார்கள். ஆனால் களத்தில் கேட்டபோது வந்த பதில்கள் வேறு எந்தக் கேள்விக்கும் வரவில்லை. கெட்டதுக்குப் போகிறோம், நல்லதுக்குப் போவதில்லை என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். செத்த வீட்டுக்கு யாரும் கார்ட் கொடுப்பதில்லை, எவரும் போகலாம். கலியாண வீட்டில் வீடியோ எடுப்பார்கள், மணவறைக்குக் கிட்டச் சனம் நிற்கும், மண்டபம் இரண்டாம் மாடியில் இருக்கும், "உனக்கு ஏன் கரைச்சல், வீட்டில இரு, சாப்பாடு கட்டிக்கொண்டு வாறம்." சக்கர நாற்காலியில் இருந்த ஒரு அக்கா, தன் சொந்தத் தங்கையின் கலியாணத்தில் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டில் என்னென்ன இருந்தது என்று இன்றும் ஒவ்வொன்றாகச் சொன்னா. கத்தரிக்காய் பிரட்டல், பருப்பு, அப்பளம் நமத்திருந்தது.

எங்கள் அக்காவின் கலியாணத்துக்குத் தம்பி வந்தான். அதே மாப்பிள்ளைதான், அதே பேச்சுத்தான் சரிவந்தது. தம்பிக்குக் கோட் தைத்தோம். வரவேற்பில் பன்னீர் தெளிக்க நின்றான். யாரோ ஒரு மாமா அவனோடு ஐந்து நிமிடம் கதைத்துவிட்டு, "நல்ல அடக்கமான பெடியன், ஒரு வார்த்தை வாய் திறக்கேல்லை" என்று அம்மாவிடம் சொன்னதை இன்றும் வீட்டில் சொல்லிச் சிரிப்போம்.

இப்போது அவன் ஓர் அச்சகத்தில் வேலை. மெஷின் சத்தம் மற்றவர்களுக்குத் தலையிடி, அவனுக்குச் சம்பளம். ஞாயிறு பின்னேரம் காலிமுகத்திடலில் அவனுடைய கூட்டாளிகள் கூடுவார்கள், எல்லோரும் சைகையில் கதைப்பவர்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் பெடியன்கள். கையால் கதைக்கும்போது யார் எவர் என்று எனக்கே பிரித்தறிய முடியாது. எனக்கு இந்த ஊரில் இருக்கும் சிங்களக் கூட்டாளிகளை விட அவனுக்குப் பல மடங்கு அதிகம். இது எந்தப் படிவத்திலும் வராது, ஏனென்றால் கணக்கெடுக்க வருகிறவர்களுக்குச் சைகை தெரியாது.

போன மாதம் ஒரு இரவு, உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விகளை அவனிடம் கேட்டேன். கடந்த இரண்டு வாரத்தில் உற்சாகமாக இருந்தாயா, அமைதியாக இருந்தாயா, சுறுசுறுப்பாக இருந்தாயா, எழும்பும்போது களைப்பில்லாமல் எழும்பினாயா, உனக்குப் பிடித்த விசயங்களால் நாள் நிறைந்ததா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு ஒரு எண் வரும். என் சைகை அரைகுறை, 'அமைதி' என்பதற்கு நான் காட்டியதை அவன் 'தூக்கம்' என்று எடுத்துக்கொண்டான், திருத்தினான், என்னை நக்கலடித்தான். கடைசியில் வந்தது 76. பிறகு பேனாவை வாங்கி என்னை மடக்கினான். நானும் போட்டேன். எனக்கு வந்தது 48. அவன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், இரண்டு நாளாகக் கண்ட இடமெல்லாம் நாற்பத்தெட்டு என்று விரலால் காட்டினான்.

இதை வைத்து, காது கேளாதவர்கள் எங்களை விடச் சந்தோசமாக இருக்கிறார்கள் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். என் வீட்டுக் கணக்கெடுப்பில் மாதிரி அளவு இரண்டு.

அன்றிரவுதான் அம்மாவிடம் கேட்டேன். குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தா, காலைக்கு ஊறவைக்க. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் கேட்டேன். "அம்மா, அண்டைக்கு சென்சஸுக்கு வந்த டீச்சரிட்ட தம்பிக்குக் கொஞ்சம்தான் காது கேக்கிறதில கஷ்டம் எண்டு சொன்னீங்களே. அக்காவின்ர கலியாணத்துக்காகத்தானே?"

அம்மாவுக்கு டீச்சர் வந்தது ஞாபகம் இருந்தது, பிளேன்டீ ஞாபகம் இருந்தது. நான் சொன்ன காரணம் விளங்கவில்லை.

"கலியாணத்துக்கும் அதுக்கும் என்னடி? அவங்களுக்குத்தான் முதல் நாளே தம்பியைப் பற்றிச் சொல்லிப்போட்டம். மறைச்சுக் குடுத்து உன்ர கொக்காவை அங்க கண்ணீர் விட வைக்கவோ?"

"அப்ப ஏன் கொஞ்சம் எண்டு சொன்னீங்கள்?"

அம்மா அரிசித் தண்ணீரை வடித்தா. "அவ கஷ்டம் எவ்வளவு எண்டுதானே கேட்டவ. எனக்கும் அவனுக்கும் கதைக்க என்ன கஷ்டம்? றோட்டில போனா, கடைக்குப் போனாத்தான் கொஞ்சம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சோறு ஆறுகிறது, தம்பியைக் கூப்பிடு என்றா அம்மா. நான் அவன் அறை வாசலுக்குப் போய் சுவிட்சைத் தட்டினேன். லைட் இரண்டு தரம் அணைந்து எரிந்தது. அவன் போனை வைத்துவிட்டு எழும்பி வந்தான், வரும்போதே விரல்களால் நாலும் எட்டும் காட்டிக்கொண்டு.